அழுத்தக் காலுறையும் அதை அணியாத கால்களும்

வெரிகோஸ் வெயினுக்கு எழுதித்தரப்படும் சிகிச்சைகளில் அழுத்தக் காலுறை தனி ரகம். மாத்திரையை விழுங்கிவிட்டால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அறுவைக்கு ஒருநாள் மேசையில் படுத்தால் போதும், மீதி மருத்துவர் பாடு. காலுறையையோ நோயாளியே தினமும் காலையில் தம் கையால் இழுத்து மாட்டி, பகல் முழுதும் போட்டிருந்து, இரவில் கழற்றி, மறுநாள் மீண்டும் மாட்ட வேண்டும். பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் தொடரும். அதனால் காலுறை பலன் தருமா என்று கேட்கும்போதே, நோயாளி அதை உண்மையில் அணிகிறாரா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கடந்த முப்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது கேள்விக்கான விடை நோயாளியின் மனவுறுதியைவிட எழுதித்தருபவரின் கவனத்தையே அதிகம் சார்ந்திருப்பது தெரிகிறது.

காலின் சிரைகள் ரத்தத்தை ஈர்ப்பு விசைக்கு எதிராக மேலே அனுப்ப வேண்டியவை. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரைக்குள் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். இதயத்திலிருந்து பாதம் வரை நிற்கும் ரத்தத்தின் எடைதான் அது. நடக்கத் தொடங்கியதும் ஆடுசதை சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிகிறது. மேலே போன ரத்தம் திரும்ப இறங்காமல் வால்வுகள் தடுக்கின்றன. அழுத்தம் 30க்கும் கீழே வந்துவிடுகிறது. வால்வுகள் பழுதானவருக்கு நடந்தாலும் இந்த இறக்கம் போதிய அளவு நிகழ்வதில்லை. ஓயாத அந்த அழுத்தம் முதலில் மேல்தோலுக்கு அடியில் உள்ள சிரைகளைப் புடைத்துச் சுருளச் செய்கிறது. பிறகு மாலையில் வீக்கம், கணுக்காலைச் சுற்றிக் கறுப்பு, அரிப்பு, தோல் தடிப்பு என்று படிப்படியாக முற்றி, சிலருக்கு உட்புறக் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண்ணில் போய் முடிகிறது.

இந்தப் படிகளை மருத்துவர்கள் ‘சியாப்’ என்னும் வகைப்பாட்டில் 0 முதல் 6 வரை எண்ணிட்டுக் குறிக்கிறார்கள். 1994இல் உருவாகி 2004லும் 2020லும் திருத்தப்பட்ட வகைப்பாடு இது. 2 என்றால் புடைத்த சிரைகள் மட்டும், 3 வீக்கம், 4 தோல் மாற்றம், 5 ஆறிய புண், 6 திறந்த புண். காலுறைக் கடைப்பிடிப்பைப் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் நோயாளிகள் எந்தப் படியில் இருந்தவர்கள் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. இதைப் பார்க்காமல் எண்களை ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

காலுறை செய்வது எளிய வேலை. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தி, விரிந்த சிரையை நெருக்குகிறது, வீக்கநீர் திசுவில் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது, ஆடுசதைக்கு எதிரே ஒரு சுவர்போல நிற்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. பிரிட்டனில் இரண்டாம் வகுப்புக் காலுறை 18 முதல் 24 மி.மீ. அழுத்தம் தரும், ஜெர்மனியில் அதே இரண்டாம் வகுப்பு 23 முதல் 32, அமெரிக்காவில் வகுப்பு எண்ணை விட்டுவிட்டு 20–30, 30–40 என்று நேரடியாக எழுதுவதே வழக்கம். இந்தியக் கடைகளில் பல நாட்டு அளவுகளும் கலந்தே கிடைக்கின்றன. சீட்டில் ‘கிளாஸ் 2’ என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது மருத்துவர் நினைத்ததுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இறுக்கிக் கட்டும் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன் 17ஆம் நூற்றாண்டில் தோலால் செய்து கயிறு கோத்து இறுக்கும் காலுறையைப் பயன்படுத்தினார். ஜெர்மன் தோல் மருத்துவர் பால் உன்னா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துத்தநாகப் பசை தடவிய கட்டை அறிமுகப்படுத்தினார்; அது இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. இன்றைய படிநிலை அழுத்தக் காலுறைக்கு வித்திட்டவர் மருத்துவரே அல்லர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜாப்ஸ்ட், தாமே ஆறாத கால்புண்ணால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுவதே காரணம் என்று புரிந்துகொண்டு, அதைத் துணியில் கொண்டுவர முயன்று 1950 வாக்கில் வெற்றி கண்டார். தன் காலுக்குத் தானே அளவெடுத்து, தன் வலிக்குத் தானே செய்துகொண்ட அந்த நோயாளிக்குக் கடைப்பிடிப்பு ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. பிரச்சினை, இன்னொருவர் எழுதித்தந்து வேறொருவர் விற்கும் பொருளாக அது மாறியபோது தொடங்கியது.

எத்தனை பேர் அணிகிறார்கள்? அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு 2007இல் அமெரிக்காவிலிருந்து ராஜு உள்ளிட்டோர் வெளியிட்டது. நாள்பட்ட சிரைநோயோடு வந்த 3,144 புதிய நோயாளிகளை அவர்கள் விசாரித்தார்கள். தினமும் அணிந்தவர்கள் 21 விழுக்காடு. பெரும்பாலான நாட்கள் அணிந்தவர்கள் 12, எப்போதாவது அணிந்தவர்கள் 4. மீதி 63 விழுக்காட்டினர் அணியவே இல்லை, அல்லது முயன்று கைவிட்டிருந்தார்கள். இந்த எண்ணைக் காட்டி நோயாளிகளின் அலட்சியத்தைப் பற்றிப் பேசுவோர் அதே ஆய்வின் அடுத்த அட்டவணையைப் பெரும்பாலும் படிப்பதில்லை. அணியாததற்குக் காரணம் கேட்டபோது 30 விழுக்காட்டினருக்குக் குறிப்பாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. 25 விழுக்காட்டினர், தங்கள் மருத்துவர் காலுறையைப் பற்றிச் சொல்லவே இல்லை என்றார்கள். பலன் தெரியவில்லை என்றவர்கள் 14. இறுக்குகிறது, ரத்த ஓட்டத்தை நிறுத்துவதுபோல் இருக்கிறது என்றவர்கள் 13. சூடு தாங்கவில்லை என்றவர்கள் 8. பார்க்க நன்றாக இல்லை, மாட்டிவிட ஆள் இல்லை என்பவையெல்லாம் தலா இரண்டு விழுக்காட்டு அளவில்தான் வந்தன. அதாவது ‘அணியாதவர்’ கணக்கில் கால்வாசிப்பேர் சிகிச்சையை மறுத்தவர்களே அல்லர், அது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

வேறு ஆய்வுகள் வேறு எண்களைத் தருகின்றன. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தவர்களுக்குப் பின்னாளில் வரும் கால்வீக்கத்தையும் வலியையும் தடுக்கக் காலுறை உதவுமா என்று பார்த்த ‘சாக்ஸ்’ ஆய்வு 2014இல் வெளியானது. அதில் வாரத்துக்கு 3 நாளாவது அணிந்தவரே கடைப்பிடித்தவர். அந்த இளகிய அளவுகோலிலும் இரண்டாண்டு முடிவில் தேறியவர்கள் 56 விழுக்காட்டை எட்டவில்லை. 2016இல் நெதர்லாந்திலிருந்து வந்த ‘ஆக்டேவியா’ ஆய்விலோ 85 விழுக்காட்டினர் வாரம் 6, 7 நாள் அணிந்தார்கள். டச்சுக்காரர்கள் அதிகக் கட்டுப்பாடானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. முதல் ஓராண்டு ஒழுங்காக அணிந்தவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். வடிகட்டிய பின் எடுத்த எண் அது.

பெரும்பாலான கணக்குகள் நோயாளி வாய்ச்சொல்லை நம்பியவை. மருத்துவர் முகத்துக்கு நேரே ‘போடவில்லை’ என்று சொல்லக் கூச்சப்படாதவர் குறைவு. மருத்துவமனைக்குக் கிளம்பும் நாளில் மட்டும் அலமாரியிலிருந்து காலுறை வெளியே வருவதும் உண்டு. இதைத் தாண்ட பிரான்சில் உல் உள்ளிட்டோர் ஒரு வழி கண்டார்கள். காலுறைக்குள் சிறு வெப்ப உணரியைத் தைத்து, தோலின் சூடு பட்ட நேரத்தைப் பதிவு செய்தார்கள். 2018இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில் வேலைக்குப் போகும் 40 பெண்கள் இருந்தார்கள். ஒரு பாதிக்குக் காலுறையோடு வழக்கமான நாலு வார்த்தை அறிவுரை. மறு பாதிக்கு விரிவான விளக்கமும் அவ்வப்போது குறுஞ்செய்தி நினைவூட்டலும். முதல் பாதியினர் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்தரை மணி நேரம் போல அணிந்தார்கள், மறு பாதியினர் சுமார் எட்டு மணி நேரம். காலுறை ஒன்றுதான், வகுப்பும் ஒன்றுதான்; வேறுபாடு பேச்சில் மட்டுமே. நாற்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது உண்மை. ஆனாலும் இந்தத் துறையில் வாய்ச்சொல்லை நம்பாமல் எடுத்த அபூர்வமான அளவு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

அடுத்தது, அணியாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி. இங்குதான் நோயின் படி முக்கியமாகிறது. புண் வந்தவர்களைப் பொறுத்தவரை விடை கறாரானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மேபெரி உள்ளிட்டோர் 113 நோயாளிகளின் பதினைந்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள். அழுத்தச் சிகிச்சையை ஒழுங்காகக் கடைப்பிடித்த 102 பேரில் 99 பேருக்குப் புண் ஆறியது. கடைப்பிடிக்காத 11 பேரில் 6 பேருக்கு மட்டுமே ஆறியது. ஆறியவர்களுக்கும் பிறகு திரும்ப வந்தது. இது குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. காலுறையை ஒழுங்காக அணிபவர் உணவு, நடை, காயப் பராமரிப்பிலும் ஒழுங்காக இருப்பவராக இருக்கலாம். ஆனால் இடைவெளி அத்தனையையும் அந்தக் காரணத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

இதைவிடச் சுவையானது ஸ்காட்லாந்தில் நெல்சன் உள்ளிட்டோர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஐந்தாண்டுச் சோதனை. புண் ஆறிய 300 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டாம் வகுப்புக் காலுறையும் மறு பாதிக்கு அதைவிட இறுக்கமான மூன்றாம் வகுப்பும் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 39 விழுக்காட்டினருக்கும் மூன்றாம் வகுப்பில் 32 விழுக்காட்டினருக்கும் புண் திரும்பியது. இறுக்கம் கூடினால் பலன் கூடும் என்ற பக்கம் இது சாய்ந்தாற்போல் தெரியும், ஆனால் வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. காரணம் பக்கத்திலேயே இருந்தது. மூன்றாம் வகுப்பு கொடுக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் அதில் நீடிக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் அப்படி விலகியவர்கள் 28 விழுக்காடு. அதிக அழுத்தத்தில் கிடைக்கக்கூடிய லாபத்தின் ஒரு பகுதியை, அணியாமல் விட்டதால் வந்த நட்டம் தின்றுவிட்டது. ஒருவர் உண்மையில் அணியக்கூடிய காலுறைகளில் மிக இறுக்கமானது எதுவோ அதுதான் அவருக்கு ஏற்ற காலுறை என்று இந்தத் துறையில் இன்று சொல்லப்படுவதற்கு இந்தச் சோதனை முக்கியமான ஆதாரம்.

புண் இல்லாமல் சிரைகள் மட்டும் புடைத்த இரண்டாம் படியில் கதை வேறு. இந்த நிலையில் காலுறையே முதல் சிகிச்சையாகப் போதுமா என்று காக்ரேன் அமைப்பு 2011 முதல் பலமுறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் வந்த முடிவு. பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டு நிறுவனம் 2013 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போனது. சிரையை அடைக்கும் சிகிச்சைக்கு ஒருவர் பொருத்தமானவராக இருந்தால் அவருக்கு வெறும் காலுறையைக் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் ஏழு நாளுக்கு மேல் காலுறை தர வேண்டாம் என்றது. கர்ப்ப காலத்துக் கால்வீக்கத்துக்கு அது ஆறுதல் தரலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. ஆகவே இரண்டாம் படியில் இருக்கும் ஒருவர் காலுறையைக் கழற்றிப் போட்டால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. மாலையில் கால் கனப்பதும் வலிப்பதும் குறைகிறதென்றால் அணியலாம்; குறையவில்லையென்றால் விட்டுவிடலாம். ஐந்தாம் ஆறாம் படியில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. எல்லாப் படியினருக்கும் ஒரே குரலில் ‘கட்டாயம் போட வேண்டும்’ என்று சொல்லும் வழக்கமே, உண்மையில் கட்டாயம் உள்ளவருக்கும் அந்தச் சொல்லின் எடையைக் குறைத்துவிடுகிறது.

ஆழ்சிரை உறைவுக்குப் பிறகான காலுறையிலும் இதே பாடம்தான் கிடைத்தது. ‘சாக்ஸ்’ ஆய்வில் 806 பேர் சேர்க்கப்பட்டார்கள். உண்மைக் காலுறை அணிந்தவர்களில் 14.2 விழுக்காட்டினருக்கும், அழுத்தமில்லாத போலிக் காலுறை அணிந்தவர்களில் 12.7 விழுக்காட்டினருக்கும் பின்விளைவு வந்தது. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். பாதிப்பேர் சரியாக அணியாததால்தான் இந்த முடிவு என்று காலுறையின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். வாழ்க்கையில் பாதிப்பேர் அப்படித்தான் அணிவார்கள், எனவே அதுதான் அதன் உண்மையான பலன் என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டும் சரியான வாதமே. வேறுவேறு கேள்விகளுக்கான விடைகள் அவை. 2018இல் வந்த ‘ஐடியல்’ ஆய்வு இந்தச் சண்டையை ஓரம் தள்ளி வேறு வழி காட்டியது. 865 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான இரண்டாண்டுக் காலுறை. மறு பாதிக்கு அறிகுறிகளைப் பார்த்து ஆளுக்கேற்ற காலம். நலமாக இருப்பவர் ஆறு மாதத்திலேயே நிறுத்தலாம். பின்விளைவு இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 28, 29 விழுக்காடு. தேவையில்லாதவரை விடுவித்ததால் யாருக்கும் கேடு வரவில்லை.

ஏன் கழற்றிவிடுகிறார்கள் என்பதை அறிய ஒரு காலைப்பொழுதைப் பார்த்தாலே போதும். தொடைவரை நீளும் புதுக் காலுறை கையில் எடுத்தால் கால் நுழையுமா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சிறிதாக இருக்கும். கையை உள்ளே விட்டு, குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு முன்பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாகக் குதிகாலிலேயே உட்காரும்படி இழுத்து, அங்கிருந்து இரண்டிரண்டு அங்குலமாகச் சுருக்கம் விழாமல் மேலே ஏற்ற வேண்டும். நகம் பட்டால் இழை அறும். வியர்த்த காலில் நகரவே நகராது. குனிந்து பாதத்தைப் பிடிக்க முடியாத பருத்த உடலுக்கும், முட்டி வாதம் உள்ளவருக்கும், விரல் பிடிமானம் தளர்ந்த முதியவருக்கும் இந்த வேலை ஒவ்வொரு காலையும் ஒரு மல்யுத்தம். மேல்விளிம்பு நழுவுகிறது என்று பலர் அதை இரண்டு சுற்று மடித்துவிடுவார்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, மேலே போக வேண்டிய ரத்தத்தை அந்த வளையமே தடுக்கும். சாயங்காலம் கழற்றினால் மடித்த இடத்தில் ஆழமான தடமும், அதற்குக் கீழே காலையில் இல்லாத வீக்கமும் இருக்கும். ‘இதைப் போட்டுத்தான் கால் வீங்குகிறது’ என்று அவர் சொல்வது பொய்யல்ல.

அளவு தவறினாலும் இதே கதிதான். கணுக்கால், ஆடுசதை, தேவைப்பட்டால் தொடை ஆகியவற்றின் சுற்றளவைக் காலையில், வீக்கம் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும். ‘மீடியம் கொடுங்க’ என்று வாங்கிப் போகும் காலுறைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அழுத்தம் காலின் சுற்றளவைப் பொறுத்தே மாறும். மெலிந்த காலில் அதே இழுவிசை அதிக அழுத்தம் தரும், பருத்த காலில் குறைவாகத் தரும். மெலிந்த முதியவரின் கணைக்கால் எலும்பின் மேல் தோல் உரிவதும், பருத்தவருக்கு ஒன்றும் ஆகாமல் போவதும் இதனால்தான்.

தமிழ்நாட்டில் இந்தத் தடைகளோடு சில கூடுதல் தடைகளும் சேர்கின்றன. முதலாவது வெயில். சூட்டில் சிரைகள் விரியும். கால் கனமும் வலியும் கோடையில்தான் கூடும். காலுறை மிகத் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் அதைத் தாங்கவும் முடியாது. அமெரிக்கக் கணக்கில் 8 விழுக்காடாக நின்ற ‘சூடு’ என்னும் காரணம், சித்திரை வைகாசியில் வேலூரிலோ மதுரையிலோ கேட்டால் அதே அளவில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தோசைக்கல்லின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் மாஸ்டருக்கோ, சாலை நடுவே நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கோ, சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணுக்கோ காலுறையை எழுதித்தருவது எளிது, அதை அவர்கள் எங்கே எப்படி அணிவார்கள் என்று யோசிப்பது கடினம்.

இரண்டாவது, காலணியும் பழக்கமும். விரல் மூடிய காலுறையோடு கட்டைவிரல் வார் வைத்த செருப்பைப் போட முடியாது. மெட்டியில் துணி மாட்டி இழுக்கும். வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்காலோடு நடப்பதும், வெளியே போய் வந்ததும் கால் கழுவுவதும், தொழுகைக்கு முன் ஒளு செய்வதும் நாளில் பலமுறை பாதத்தை நனைப்பவை. விரல் திறந்த வகைக் காலுறை இருக்கிறது, இவற்றில் பல சிக்கல்களை அது தீர்க்கும், கேட்டால் கடையில் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது மருத்துவர் சீட்டில் எழுத வேண்டும்.

மூன்றாவது பணம். நல்ல காலுறை ஒரு ஜோடி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தினமும் துவைத்து அணிந்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் அதன் நெகிழ்வு போய்விடும், மாற்ற வேண்டும். ஒன்று காயும்போது அணிய இன்னொன்று வேண்டும். வெந்நீரும் வாஷிங் மெஷினின் சூடும் வெயிலில் உலர்த்துவதும் அதன் ஆயுளை இன்னும் குறைக்கும். இரண்டு வருடம் முன்பு வாங்கிய காலுறையை இன்றும் விடாமல் அணிபவரை ஆய்வுப் படிவம் ‘கடைப்பிடிப்பவர்’ என்று குறித்துக்கொள்ளும். அவர் காலில் இருப்பது அழுத்தமில்லாத வெறும் துணி. விலைக்குப் பயந்து பலர் போகும் கிரேப் பேண்டேஜும் முழு மாற்று ஆகாது. சுற்றுபவர் கையைப் பொறுத்து அழுத்தம் மாறும், நடக்க நடக்கத் தளர்ந்து சில மணி நேரத்தில் கணுக்காலில் வந்து குவியும்.

கடைப்பிடிப்பைக் கூட்ட என்ன செய்யலாம் என்பதில் சான்றுகள் மெலிந்தே இருக்கின்றன. சிரைப்புண் உள்ளவர்களை அழுத்தச் சிகிச்சையில் நீடிக்க வைக்கும் முயற்சிகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, எண்ணிக்கையில் மிகக் குறைந்த சோதனைகளையே கண்டது. எந்த முறையையும் அது உறுதியாகப் பரிந்துரைக்கவில்லை. இங்கிலாந்தில் எல்லி லின்ட்சே என்னும் செவிலியர் 1995இல் தொடங்கிய ‘லெக் கிளப்’ முறை அதில் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. மருத்துவமனைக்கு வெளியே ஊர்ப் பொதுக்கூடத்தில் நோயாளிகள் ஒன்றாகக் கூடி, தேநீர் குடித்துப் பேசியபடியே கட்டுப் போட்டுக்கொள்வார்கள். கடைப்பிடிப்பு கூடியதோ இல்லையோ, வீட்டில் தனியே புண்ணோடு முடங்கிக் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

சோதனைகள் சொல்லாததை நடைமுறை சொல்கிறது. பெரும்பாலோருக்கு முழங்காலுக்குக் கீழ் நிற்கும் காலுறையே போதும். தொடைவரை நீளும் காலுறையை எழுதுவது பல நேரம் பழக்க தோஷம். மூன்றாம் வகுப்பை ஏற்ற முடியாதவர் மெல்லிய இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாம்; அழுத்தம் கூடும், ஒவ்வொன்றாக மாட்டுவது எளிது. ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் பிடி வழுக்காது, நகமும் படாது. காலை விட்டு இறக்கும்படி காலுறையை விரித்துப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் குனிய முடியாதவருக்கு உதவும். வெல்க்ரோ பட்டைகளால் இறுக்கும் உறைகளை அவரவரே தளர்த்தி இறுக்கிக்கொள்ளலாம். புண் உள்ளவர்களுக்கு நான்கு அடுக்குக் கட்டுக்குப் பதிலாக இரண்டு அடுக்குக் காலுறை கொடுத்துப் பார்த்த பிரிட்டனின் ‘வீனஸ்-4’ ஆய்வில், புண் ஆற எடுத்த காலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: 99, 98 நாட்கள். காலுறைக்காரர்களில் பலர் இடையில் வேறு சிகிச்சைக்கு மாறினாலும், ஆறிய பின் புண் திரும்ப வந்தவர்கள் அவர்களில் குறைவு. ஆறியதும் காலுறைக்கு மாறுவது அவர்களுக்குப் புதுப் பழக்கமாக இருக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைப்பிடிப்புச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் உண்டு. பழுதான சிரையையே அடைத்துவிடுவது. பிரிட்டனின் ‘எஸ்கார்’ சோதனையில் 500 பேரில் ஒரு பாதிக்குக் கட்டு மட்டும், மறு பாதிக்குக் கட்டோடு மேல்சிரை அறுவையும். 24 வாரத்தில் புண் ஆறியது இரண்டிலும் 65 விழுக்காடு. ஆனால் ஓராண்டுக்குள் புண் திரும்பியது கட்டு மட்டும் போட்டவர்களில் 28 விழுக்காடு, அறுவையும் செய்துகொண்டவர்களில் 12. 2018இல் வந்த ‘எவ்ரா’ சோதனையில் லேசர் போன்ற உள்சிரைச் சிகிச்சையைத் தாமதிக்காமல் செய்தவர்களுக்குப் புண் ஆற 56 நாள் ஆனது. தாமதித்தவர்களுக்கு 82 நாள். தினமும் ஒருவர் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை ஒருமுறை செய்யும் சிகிச்சை எடுத்துக்கொள்கிறது. ஆழ்சிரையே கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. அவர்களுக்குக் காலுறைதான் கடைசிவரை துணை.

அணிய மறுப்பது சில வேளை உடம்பு தரும் சரியான எச்சரிக்கையாகவும் இருக்கும். தமனி சுருங்கி, காலுக்கு ரத்தம் இறங்குவதே குறைந்திருப்பவருக்கு இறுக்கமான காலுறை ஆபத்து. தோல் கருகும், விரல் அழுகும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் இந்தச் சந்தேகத்துக்கு உரியவர்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய டாப்ளர் சோதனையில் விடை 0.8க்கு மேல் இருந்தால் பொதுவாக அழுத்தலாம்; 0.5க்குக் கீழே என்றால் கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் தமனிச் சுவர் தடித்து இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டுவதும் உண்டு. ஆகவே, காலுறை போட்டதும் பாதம் வலித்து, மரத்து, வெளுத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால் அதைச் சாக்கு என்று ஒதுக்காமல் உடனே கழற்றச் சொல்லி நாடி பார்க்க வேண்டும்.

நின்றே செய்யும் வேலைகளில் தடுப்பு என்ற பக்கமும் இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணியாளர்கள் நாள் முழுதும் நின்றே இருக்க வேண்டிய நிலையை மாற்ற, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. காலுறையை எழுதித்தரும் மருத்துவர், ‘கடையில் உட்கார நாற்காலி இருக்கிறதா’ என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

மருத்துவர் சீட்டில் ‘ஸ்டாக்கிங்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக நான்கு விவரம் எழுதினால் போதும்: எத்தனை மி.மீ. அழுத்தம், முழங்கால் வரையா தொடை வரையா, விரல் திறந்ததா மூடியதா, எப்போது மாற்ற வேண்டும். அதோடு, புண் ஆறி வீடு திரும்பும் ஏழை நோயாளிக்கு அரசு மருத்துவமனை மருந்துகளோடு ஆண்டுக்கு நான்கு ஜோடி காலுறையையும் இலவசமாகத் தர வேண்டும். புண் திரும்ப வந்தால் மாதக்கணக்கில் கட்டுப் போட ஆகும் செலவைவிட அது குறைவு.